வாள்மீனைத் தெங்கிரி (வஞ்சிரம்) என்று நினைத்துவிடாதீர்கள்

கோலாலம்பூர்ச் செந்தூலில் மீன்காரரிடம் "தொடாக் இருக்கா?" என்று கேட்டேன். ஊசிமூக்கோடு ஒல்லியாக ஒரு மீனை எடுத்து வைத்தார். முள் பச்சையாக இருக்குமே, அந்த மீன். நான் தேடியதோ வாள்மீன், வாள்போல மூக்கு நீண்ட பெரிய கடல்மீன் (swordfish). மலாயில் இரண்டையுமே தொடாக் என்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுத் துண்டைப் பாருங்கள். கோலாலம்பூரில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பேரங்காடியின் உறைமீன் பெட்டியில் இருந்த தடித்த ஸ்டேக் துண்டுகள்தான். ஓரத்தில் ஓடும் கருஞ்சதை சிவப்பாக இருந்தால் வாங்கலாம். பழுப்பேறியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மற்ற சதை வெள்ளையாகவும் இருக்கும், ஆரஞ்சுச் சாயலிலும் இருக்கும். இறால் தின்ற மீனுக்கு அந்த நிறம் ஏறும், கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை.

காலையில் உறைந்த துண்டை இளகட்டும் என்று சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நம் ஊர்ச் சூட்டில் அது ஆபத்து. சூரை மாதிரி இதிலும் ஹிஸ்டமின் (சூட்டில் கிடக்கும் மீனில் உண்டாகும் ஒவ்வாத பொருள்) சேரலாம். சேர்ந்துவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள்.

இனி என் கதை. தெங்கிரிக்குப் போடுவதுபோல மஞ்சள், மிளகாய்த்தூள், புளிக்கரைசல் பிசறி இரவெல்லாம் ஊறவைத்தேன். மறுநாள் விளிம்பு வெளுத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதையும் விடாமல் எண்ணெய் நிறைய ஊற்றி முறுகப் பொரித்தேன். என் மாமியார் ஒரு வாய் மென்றுவிட்டு, "என்னம்மா, இது கோழி நெஞ்சுக்கறியா?" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

புளியோ எலுமிச்சையோ, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மெல்லிசாக நறுக்கவும் வேண்டாம். இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் வெளியே நிறம் ஏறும்போது உள்ளே ஈரம் மிஞ்சும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கனமான சட்டி நன்றாகக் காய்ந்தபின், எண்ணெயை மெல்லப் பூசிப் போடுங்கள். அதன்பிறகு துண்டின் பக்கவாட்டைக் கவனியுங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே மேலே ஏறும். பாதி உயரம் வந்ததும், ஏறக்குறைய 4 நிமிடத்தில், ஒரே ஒரு தரம் திருப்புங்கள். மறுபக்கத்துக்கு அதைவிடக் குறைவாகவே போதும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு 63 டிகிரி செல்சியஸ். தோலை உரிக்காமல் சமைத்து, தட்டில் ஒதுக்கிவிடுங்கள். அது மெல்லுகிற சமாச்சாரம் இல்லை.

குழம்புக்கும் இதே புத்திதான். கத்தரிக்காய், வெண்டைக்காய் வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, உப்புப் பார்த்து எல்லாம் முடித்த பிறகு துண்டுகளைப் போட்டு, சிறுதீயில் ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். நேற்று வைத்த மீன்குழம்புக்குத் தனி ருசி என்று நானும் சொல்லுவேன். ஆனால் வாள்மீனுக்கு அது செல்லாது. மறுபடி சுடவைத்தால் ரப்பர்.

சமையலில் திருத்த முடியாத தவறு ஒன்று இருக்கிறது: யாருக்குப் பரிமாறுகிறோம் என்று பார்க்காதது. பெரிய மீன், சின்ன மீன்களைத் தின்று வளர்வதால் உடம்பில் பாதரசம் சேர்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் வாள்மீனின் சராசரி ஏறக்குறைய 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நெத்திலிக்கு 0.02 கூட இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சின்னப் பிள்ளைகளும் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பொரித்தாலும் அவித்தாலும் பாதரசம் குறையாது. என் தங்கை முழுகாமல் இருந்தபோது அவளுக்கு மட்டும் தனியாகக் கெம்போங் (கானாங்கெளுத்தி) பொரித்தோம். முள் எடுக்கச் சலித்துக்கொண்டே இரண்டு மீன் தின்றாள்.