ஒரே வீட்டில் பதினாறு பேர்: கட்டிலை எண்ணுவதற்கு முன் வெந்நீரைக் கேளுங்கள்

தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் சேர்ந்து, வெளிநாட்டில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் தங்குவது அருமையான விஷயம். ஆனால் வீடு தேடும்போது பலரும் படங்களையும் "16 பேர் தங்கலாம்" என்ற வரியையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த 16 வெறும் படுக்கைக் கணக்கு, பல நேரம் ஹாலில் கிடக்கும் சோபாவையும் சேர்த்துச் சொல்வது. வீடு எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் குளியலறையும் வெந்நீரும்தான் தீர்மானிக்கும்.

அதனால் வெந்நீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 60 டிகிரிக்குச் சூடான நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், குளிக்கிற சூட்டில் சுமார் 350 லிட்டர் கிடைக்கும். ஷவரில் ஐந்து நிமிடம் நின்றாலே ஒருவருக்கு 40, 50 லிட்டர் போய்விடும், ஆக ஏழெட்டுப் பேரோடு தீர்ந்தது. 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் தொட்டி மறுபடி முழுதாகச் சூடாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் இரவில் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டால் ஒரு வாரத்துச் சண்டை மிச்சம்.

மின்சாரமும் அப்படித்தான். இத்தாலியில் நிறைய வீடுகளுக்கு இணைப்பே 3 கிலோவாட்தான். மின்சார ஓவனும் கெட்டிலும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் மொத்த வீடும் இருண்டுவிடும், எனவே ஃபியூஸ் பெட்டி எங்கே என்று சாவி வாங்கும்போதே கேட்டு வையுங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க் இருக்கும். ஈரத் துடைப்புத் தாள் (வெட் வைப்ஸ்), நாப்கின் எதையும் கழிவறையில் போடக்கூடாது என்று குழந்தைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறையும் பக்கத்திலேயே கழிவறையும் இல்லாவிட்டால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய கல் வீடுகளில் படிகள் செங்குத்தாக இருக்கும், கைப்பிடியும் இருக்காது, படத்தில் அது தெரியாது.

நீச்சல்குளம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிரான்ஸில் தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, அலாரம் போன்ற ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று 2003-இல் சட்டமே வந்தது, எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பத்துப் பெரியவர்கள் சுற்றி இருக்கும்போதுதான் ஒவ்வொருவரும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். அரை மணிக்கு ஒருவர், பெயர் சொல்லி முறை வைத்து, கையில் போன் இல்லாமல் உட்கார வேண்டும்.

வண்டி விஷயத்தில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டுநரோடு 9 பேர் வரை செல்லும் வேனை ஓட்டலாம், ஆனால் 9 பேரும் ஏறினால் பெட்டிகளுக்கு இடம் போதாது. பெரிய வேன் ஒன்றை விட இரண்டு கார்கள் நல்லது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு கார் கிளம்பலாம், மற்றவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே அவசர உதவி எண் 112, வீட்டின் முழு முகவரியோடு அதையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுப்பவர்களுக்கு: முன்பதிவு ஒருவர் பெயரில் இருந்தால், தங்கும் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கும் உறுதிக் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் தங்குமிடத்தைக் காட்ட வேண்டும்.

அப்புறம் பணம். தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது சுலபம், ஆனால் குளியலறையோடு கூடிய பெரிய அறையில் இருக்கும் தம்பதியும், பங்க் கட்டிலில் படுக்கும் கல்லூரிப் பையனும் ஒரே தொகை கட்டுவது நியாயமில்லை. வாடகையை அறைவாரியாகவும், சாப்பாட்டுச் செலவைத் தலைவாரியாகவும் பிரியுங்கள், குழந்தைகளுக்குப் பாதி. யாருக்கு எந்த அறை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வாசலில் நின்று பேசினால் வயதில் சின்னவர்கள்தான் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டி வரும், அந்த வருத்தம் வாரம் முழுக்க இருக்கும். சமையலுக்கு இரண்டிரண்டு பேராக முறை போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சமைப்பவர்களே அங்கேயும் சமைப்பார்கள், அவர்களுக்கு அது விடுமுறையே இல்லை.

முன்பணம் யாருடைய கார்டில் போயிருக்கிறதோ அவர் மேல்தான் சேதத்தின் பாரமும் விழும். நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன், ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் அன்று காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10 மணி. படுக்கை விரிப்புகளைக் கழற்ற வேண்டுமா, குப்பையை எங்கே கொண்டுபோட வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு, ராத்திரியே பாதி வேலையை முடித்துவிடுங்கள்.