மருந்தடிக்கிற மெஷின் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணி போடுது? நீங்களே அளந்து பாருங்க

கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வெள்ளாமை செய்யிற ஆக்கள் கடையில மருந்து வாங்கேக்க முதல் கேக்கிறது "டேங்குக்கு எத்தின மூடி?" எண்டுதான். ஆனா ஒருத்தர்ர மெஷின் ஏக்கருக்கு நாலு டேங்க் எடுக்கும், பக்கத்து வயல்காரர்ர மெஷின் எட்டு டேங்க் எடுக்கும், ரெண்டு பேரும் டேங்குக்கு ரெண்டு மூடிதான் ஊத்துவாங்க, அப்ப ஒரு வயலுக்கு மற்றதவிட ரெண்டு மடங்கு மருந்து போகுது. ஒரு பக்கம் புல்லுச் சாகாது, மற்றப் பக்கம் நெல்லு மஞ்சளாகி நிக்கும், கடைசியில பழி மருந்துக்கு. அதனால மூடிக் கணக்குக்கு முதல் தண்ணிக் கணக்கத் தெரிஞ்சுகொள்ளணும்.

வேண்டியது ஒரு வாளி, மில்லி கோடு போட்ட ஜக், அளவு நாடா, ஃபோன். டேங்க நல்லாக் கழுவிப்போட்டு வெறும் தண்ணியில மட்டும் செய்யுங்க, பழைய மெஷின் எண்டா கையுறையும் போடுங்க. கழுவின தண்ணிய வாய்க்காலுக்குள்ள ஊத்த வேணாம்.

1. நொசிலக் (மருந்து விசிறி வெளிய வாற முனை) கழட்டி, பிடியில இருக்கிற வடியையும் (தூசு பிடிக்கிற வலை) கழட்டி, பழைய பல்லு பிரஷால கழுவுங்க. அடைச்சிருந்தா கம்பி, ஊசி விடவே வேணாம், அந்தச் சின்ன ஓட்டை கொஞ்சம் கீறுப்பட்டாலே தண்ணி விழுற விதம் மாறிடும். வாயால ஊதுறதும் கூடாது, அது மருந்து ஓடின சாமான். புல்லுக்கு அடிக்கிறதுக்கு விசிறி மாதிரி தட்டையா விழுற நொசில், பூச்சிக்கும் பங்கசுக்கும் (பூஞ்சணம்) கூம்பு மாதிரி விழுறது.

2. வழமையா பம்ப் அடிக்கிற அதே வேகத்தில அடிச்சுக்கொண்டு, நொசில வாளிக்குள்ள பிடிச்சு சரியா 1 நிமிஷம் விடுங்க, பிறகு ஜக்ல அளங்க. மூண்டு தரம் செய்து சராசரி எடுங்க. பேட்டரி மெஷின் எண்டா முழு சார்ஜ்ல ஒருக்கா, சார்ஜ் இறங்கின பிறகு ஒருக்கா அளக்கணும், சில மெஷின்ல நல்லாவே குறையும். உதாரணத்துக்கு 600 மில்லி வந்தது எண்டு வைப்பம்.

3. காஞ்ச சீமெந்துத் தரையில, வயல்ல பிடிக்கிற அதே உயரத்தில நொசிலப் பிடிச்சு, ஆட்டாம நேர நடந்து அடிங்க. நனைஞ்ச அகலத்த அளங்க. 1 மீட்டர் எண்டு வைப்பம்.

4. இப்ப 1 நிமிஷத்தில எவ்வளவு தூரம் நடக்கிறீங்க எண்டு பாக்கணும். இத ரோட்டில நடந்து பாத்தா கணக்குப் பிழைச்சிடும், சேத்துக்குள்ள கால் புதைஞ்சு புதைஞ்சு நடக்கிற நடை வேற, அதால வயலுக்குள்ளயே, அரை டேங்க் தண்ணியோட மெஷின முதுகில போட்டுக்கொண்டு நடங்க. 30 மீட்டர் வந்தது எண்டு வைப்பம்.

5. 30 மீட்டர் தூரம், 1 மீட்டர் அகலம், அப்ப 30 சதுர மீட்டருக்கு 600 மில்லி, ஒரு சதுர மீட்டருக்கு 20 மில்லி. ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர், பெருக்கினா கிட்டத்தட்ட 81 லீட்டர். 16 லீட்டர் டேங்க் எண்டா அஞ்சு டேங்க். ஹெக்டயருக்குப் பாத்தா 200 லீட்டர்.

சரிதானா எண்டு பாக்க, வயல்ல 10க்கு 10 மீட்டர் துண்டு அளந்து வெறும் தண்ணி அடிச்சுப் பாருங்க, 2 லீட்டர் அளவு முடியணும்.

6. லேபல்ல ஏக்கருக்கு 400 மில்லி எண்டு போட்டிருந்தா அத அஞ்சால பிரிங்க, டேங்குக்கு 80 மில்லி. மூடியால இல்ல, அளக்கிற கப்பால ஊத்துங்க. லேபல் ஹெக்டயர்ல சொன்னா முதல் 2.47ஆல பிரிச்சு ஏக்கருக்குக் கொண்டுவாங்க. ஏக்கருக்கு இவ்வளவு தண்ணி எண்டும் லேபல்ல இருக்கும், உங்கட அளவு அதுக்குள்ள வராட்டி நடைய மாத்துங்க, இல்லாட்டி நொசில மாத்துங்க.

கூலிக்கு ஆள் பிடிச்சு அடிக்கிறீங்க எண்டா அந்தத் தம்பிய நடக்க விட்டுத்தான் அளக்கணும், உங்கட நடை அவருக்குப் பொருந்தாது. சிறுபோகத்தில கச்சான் காத்து (தென்மேல் பக்கமிருந்து வாற காத்து) எழும்பின பிறகு எந்தக் கணக்கும் நிக்காது, மருந்து பக்கத்து வயலுக்குத்தான் போகும், விடியக் காலமையே அடிச்சு முடிங்க.

புது நொசில் போட்ட அண்டைக்கு வந்த அளவ டேங்க்லயே மார்க்கரால எழுதி வைங்க. ஒவ்வொரு போகத்துக்கும் முதல் திரும்ப அளங்க, 600 வந்தது 660 ஆகிட்டுது எண்டா ஓட்டை தேஞ்சிட்டுது, அத எறிஞ்சுபோட்டு புதுசு வாங்குங்க.