அக்கரைப் பதிவேட்டையும் பாருங்கள்: தேம்ஸ் கரையில் குடும்ப வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலைகளில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து, குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்கு உதவி செய்கிறேன். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். மாமனார் வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தேம்ஸ் கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய கொடிவழியைத் தேடப்போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் தவறு செய்து கற்றுக்கொண்டது.

போன மாதம் ஓர் இளைஞர் வந்தார். மடிக்கணினியைத் திறந்து, "சானிங் ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் என் முன்னோர் கிடைத்துவிட்டார். பெயர் சரி, வருடமும் சரி" என்று சந்தோஷமாகக் காட்டினார். அந்த முன்னோருக்கு மேலே நான்கு தலைமுறையைச் சேர்த்தும் விட்டிருந்தார். அடக்கப் பதிவேட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்? அதுவும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

ஞானஸ்நானத் தேதி வேறு, பிறந்த தேதி வேறு. மற்றவர் இணையத்தில் போட்ட கொடிவழியை அப்படியே நகலெடுக்கக் கூடாது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

ஆற்றைச் சுவர் என்று நினைப்பது

சானிங், ரெடிங்குக்குக் கிழக்கே தேம்ஸின் தென்கரையில் இருக்கும் சிற்றூர். புனித அந்திரேயா ஆலயம், செங்கல்லால் கட்டிய பழைய பாலம், 1773-ல் படகுகளுக்காக அமைத்த லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகு) எல்லாம் ஒரு சின்ன நடையில் பார்த்துவிடலாம். தென்கரை பார்க்‌ஷயர், வடகரை ஆக்ஸ்போர்ட்‌ஷயர். வரைபடத்தில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஆறுதான் எல்லைக் கோடு. புதிதாகத் தேடுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து, சானிங் என்றால் பார்க்‌ஷயர், அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் சானிங் பங்கு, அதாவது அந்த ஆலயத்தின் நிர்வாக எல்லை, ஆற்றங்கரையோடு முடிந்துவிடவில்லை. தென்கரையில் சானிங் ஊர், எர்லி, வுட்லி. வடகரையில் ஐ, டன்ஸ்டன். எல்லாம் சேர்ந்து அன்றைக்கு ஒரே பங்கு. நம் வருவாய்க் கணக்கில் ஒரு கிராமத்துக்கு உட்கிடை ஊர்கள் இருக்குமே, அந்த மாதிரி. 'ஐ' என்றால் பழைய ஆங்கிலத்தில் தீவு. ஆறு கிளை பிரியும் இடத்தில் இருப்பதால் அந்தப் பெயர். டன்ஸ்டனில் 1842-ல் தனி ஆலயம் கட்டும்வரை, வடகரைக்காரர்களுக்கும் சானிங் ஆலயம்தான் பங்குக் கோயில். குழந்தையோடும் சவப்பெட்டியோடும் ஆற்றைக் கடந்து வந்தார்கள்.

பங்கு ஒன்றாக இருந்தாலும் அதன் காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. மூலப் பதிவேடுகள் ரெடிங்கில், ராயல் பார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பங்குகள் வருடந்தோறும் திருச்சபை மேலிடத்துக்கு நகல் எழுதி அனுப்ப வேண்டும் என்று 1598-லிருந்து விதி இருந்தது. பார்க்‌ஷயர் 1836 வரை சால்ஸ்பரி மறைமாவட்டத்தில் இருந்தது. அதிலும் சானிங், சால்ஸ்பரி பேராலயத்து டீன் என்ற தலைமைக் குருவின் தனி அதிகாரத்துக்கு உட்பட்ட பங்கு. ஆகவே அந்த நகல்களைப் பார்க்க வில்ட்‌ஷயரில் உள்ள சிப்பனம் ஊருக்குப் போக வேண்டும். 1837 ஜூலை 1 முதல் அரசாங்கப் பதிவு வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த குழந்தை வோக்கிங்ஹம் வட்டத்தில் பதிவாகும், அந்தப் பக்கம் பிறந்தது ஹென்லி வட்டத்தில். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை.

இது தெரியாமல் நான் செய்ததைச் சொல்கிறேன்.

மாமனாரின் எள்ளுத் தாத்தா சரக்குப் படகில் வேலை பார்த்தவர். 1851 மக்கள்தொகைக் கணக்கில் ரெடிங்கில் குடியிருக்கிறார், வயது 47, பிறந்த இடம் பார்க்‌ஷயர், சானிங். சானிங் பதிவேட்டைத் திறந்தேன். 1804-ல் அதே பெயரும் அதே குடும்பப் பெயருமாக ஒரு ஞானஸ்நானம். வேறு என்ன வேண்டும்? அந்தக் குழந்தையின் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று ஏறி 1690-கள் வரை போய்விட்டேன். மூன்று வருடம். உயில் நகல்கள், அக்காலத்தில் ஒன்று 9 பவுண்டு 25 பென்ஸ் விலையில் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், ஒரு வல்லுநருக்குக் கட்டணம். எல்லாம் சேர்த்து 400 பவுண்டுக்கு மேல்.

நடுவில் ஓர் எச்சரிக்கை என் கண் முன்னாலேயே இருந்தது. 1861 கணக்கில் அதே மனிதர் தன் பிறந்த இடத்தை ஆக்ஸ்போர்ட்‌ஷயர், சானிங் என்று சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன்? கணக்கெடுக்க வந்தவர் மாவட்டத்தைத் தவறாக எழுதிவிட்டார் என்று குறிப்பு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நான்தான் ஒரு கோட்டை நம்பி அவரை நம்பவில்லை.

பல வருடம் காப்பகத்தில் தன்னார்வமாக உழைத்த ஒரு பெரியவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பிள்ளை வளர்ந்தானா?" அடக்கப் பதிவேட்டின் பக்கம் நான் போகவே இல்லை. போனபோது, 1805 வசந்தத்தில் அந்தக் குழந்தையை அடக்கம் செய்திருந்தார்கள். தாய் தகப்பன் பெயரோடு ஒரே வரி. நான் மூன்று தலைமுறை ஏற்றிக் கட்டியது, ஒரு வயதுகூட நிறையாத குழந்தையின் மேல்.

எங்கள் ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். 1803-ல், டன்ஸ்டனை அடுத்த ஷிப்லேக் பங்கில் ஞானஸ்நானம். அது தாயின் சொந்த ஊர். பிள்ளைப்பேற்றை ஒட்டித் தாய்வீடு போகும் பழக்கம் தெரிந்த நான் முதலிலேயே அங்கே தேடியிருக்க வேண்டும். கடைசியில் உறுதி தந்தது ஏழை உதவி தொடர்பான ஒரு விசாரணைத் தாள். 1830 வாக்கில் வேலை இல்லாமல் உதவி கேட்டு நின்றபோது, அவருக்கு உதவ வேண்டியது எந்தப் பங்கு என்று நீதிபதிகள் இருவர் அவரை விசாரித்திருக்கிறார்கள். ஐ என்ற இடத்தில் பிறந்தேன், தாயார் ஷிப்லேக்காரர் என்று அவர் வாயாலேயே சொன்னது அதில் இருக்கிறது.

பணம் போனால் போகட்டும். மாமனாரின் 75-ஆவது பிறந்தநாளுக்கு நான் அந்தக் கொடிவழியை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நகல் வாங்கிப் போனார்கள். யாரோ அதை இணையத்தில் ஏற்ற, அங்கிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பதினோரு கொடிவழிகளில் அந்தச் செத்த குழந்தை எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கிறது. எழுதிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர்தான் திருத்தினார்கள்.

ஆகவே இப்போது யார் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். அந்தப் பெயரில் ஐந்து வருடம் முன்னும் பின்னும், இரண்டு கரையிலும் ஐந்து மைல் சுற்றளவில் நடந்த எல்லா ஞானஸ்நானங்களையும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் ஜான், வில்லியம், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே ஊர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். மூத்தது இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர். அதனால் பட்டியல் நீளும், நீளட்டும். பிறகு ஒவ்வொருவரையும் அடக்கப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தேடி, இவர் வேறு ஆள் என்று காரணத்தோடு அடித்துக்கொண்டே வாருங்கள். மக்கள்தொகைக் கணக்குகளில் அவர் சொன்ன பிறந்த இடங்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்றோடொன்று மோதினால், மோதும் இடத்திலேயே தேடுங்கள்.

இன்னொன்று. 1813-க்கு முன்னால் இருந்த பதிவுகளில்தான் இந்த ஆபத்து அதிகம். அந்த வருடத்திலிருந்து ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம் வந்தது. தகப்பனின் தொழில், குடியிருக்கும் இடம் இரண்டுக்கும் கட்டம் உண்டு. அடக்கப் படிவத்தில் வயதும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் பல இடங்களில் வெறும் பெயர்கள்தான்.

ஓலையைப் பார்க்காமல் விடுவது

திருமணப் பதிவு கிடைத்ததும் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்ததைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு பங்கு என்றால் இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். திருமணம் நடக்காத பங்கின் ஓலைப் புத்தகத்திலும் அந்த ஜோடியின் பெயர் இருக்கும். ஆற்றங்கரையில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பாலத்தைத் தாண்டித்தான். ஷிப்லேக், கேவர்ஷம் பங்குகளின் ஓலைகளைப் பார்த்த பிறகே என் மாமனார் வீட்டுப் பெண்கள் பலருக்குப் பிறந்த வீடு கிடைத்தது. கேவர்ஷம் 1911 வரை ஆக்ஸ்போர்ட்‌ஷயர், அதன் பிறகே ரெடிங்கோடு சேர்ந்தது. அதையும் மனதில் வையுங்கள்.

1752-க்கு முந்தைய ஜனவரி

இங்கிலாந்தில் அதுவரை சட்டப்படி வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். பதிவேட்டில் 1720 டிசம்பருக்கு அடுத்து 1720 ஜனவரி, பிப்ரவரி என்று தொடரும். 1720 ஜூனில் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை என்று எழுதிவிடுகிறார்கள். நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி. எட்டு மாதம் கழித்துப் பிறந்திருக்கிறது. இறந்துபோன ஒரு பெண்ணின் மேல் வீண்பழி போடாதீர்கள். 1720/21 என்று இரண்டையும் எழுதுங்கள்.

1841 கணக்கில் உள்ள வயதை நம்புவது

நம்பாதீர்கள். 15-க்கு மேல் இருந்தால் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார்.

லத்தீன் பெயர்

பழைய பதிவேட்டில் லத்தீனில் யாக்கோபுஸ் என்று இருந்தால் பெரும்பாலும் ஜேம்ஸ். தமிழ் பைபிளில் ஜேம்ஸ், ஜேக்கப் இருவருமே யாக்கோபு என்பதால் நம்மவர்கள் ஜேக்கப் என்று எழுதிவிடுகிறார்கள்.

பதிவேட்டில் 1653 முதல் 1660 வரை உள்ள இடைவெளி

ஆள் ஊரை விட்டுப் போகவில்லை. மன்னராட்சி போய், பதிவும் குலைந்த காலம் அது.

கல்லறைக் கல்லைத் தேய்ப்பது

வேண்டாம். கம்பி பிரஷ், சாக்பீஸ், ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், எழுத்து தானாகத் தெரியும்.

பங்குப் பெட்டியைத் திறக்காமல் போவது

பழைய ஆலயங்களில் கனமான ஒரு மரப்பெட்டி இருக்கும். பதிவேடு மட்டுமல்லாமல் பங்கின் மற்ற காகிதங்களும் அதில்தான் இருந்தன. ஏழைகளுக்குக் கொடுத்த ரொட்டி, விறகு, செருப்புக் கணக்கு. யார் எந்தப் பங்கின் பொறுப்பு என்ற சான்றிதழ். பொறுப்பில்லாதவரை ஊரை விட்டு அனுப்பிய உத்தரவு. 1662 சட்டத்திலிருந்து இந்தக் காகிதங்கள் பெருகின. பெட்டியில் இருந்தவை இப்போது பெரும்பாலும் மாவட்டக் காப்பகங்களில் இருக்கின்றன. பணக்காரர்களுக்கு உயில் இருக்கும். படகுக்காரர், கூலிக்காரர் பேசிய பேச்சு எங்காவது மிஞ்சியிருந்தால் அது இந்தக் கட்டுகளில்தான். பல கட்டுகள் இணையத்தில் ஏறவில்லை, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அந்த இளைஞர் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஆக்ஸ்போர்டில் ஷிப்லேக் பதிவேடுகளைப் பார்க்க இடம் பதிவு செய்திருப்பதாகச் செய்தி அனுப்பினார். பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை உள்ளே விட மாட்டார்கள் என்று பதில் எழுதினேன்.