செயினை இறுக்காதேங்கோ, முதலில் கழுவுங்கோ

மோட்டார் சைக்கிள் செயின் சத்தம் போட்டால் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம் இறுக்குவதுதான். பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்பனரோடுதான் வருவான். “அண்ணை, செயின் கத்துது, ரெண்டு திருகு திருகி விடுங்கோ.” பின் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தால் செயின் ஏற்கெனவே விறைத்துப்போய் இருக்கும். காய்ந்து, துருப்பிடித்து, செம்மண் அப்பிக் கிடக்கும். அது எண்ணெய் கேட்டுக் கத்துகிறது, இவன் கழுத்தை நெரிக்கச் சொல்கிறான்.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து புங்குடுதீவுக்குப் படிப்பிக்கப் போய் வருகிறவன். வண்டி பஜாஜ் சீடி 100. பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் தாம்போதி என்று பாதி வழி கடலோடுதான். தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுக்கும். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவுகிறோம், செயினை யார் கழுவுகிறார்கள்? 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு புது வண்டிக் கதையே இல்லாமல் போய், இருப்பதைப் பொத்திப் பொத்தி ஓடப் பழகிக்கொண்டோம். அதில் வந்த பழக்கங்கள்தான் கீழே இருப்பவை.

முதலில் தளர்வு. வண்டியை நடு ஸ்ராண்டில் விட்டு, நியூட்ரலில் வையுங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடு இடத்தை விரலால் மேலே தூக்கி, பிறகு கீழே அமுக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக மொத்தம் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடினால் பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்குச் சரி. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. செயின் முழுக்க மூடிய வண்டிகளில் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் விரல் விடலாம். ஓர் இடத்தில் பார்த்துவிட்டு எழும்ப வேண்டாம். சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். பழைய செயின் ஓர் இடத்தில் தொங்கும், இன்னோர் இடத்தில் இறுகும். இறுகும் இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும்.

அந்த ஒரு அங்குலம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலை சொல்வேன். வண்டியை ஸ்ராண்டில் இருந்து இறக்கி, இரண்டு பேரை ஏற்றி உட்கார வைத்துவிட்டு மறுபடி செயினைத் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் குறைந்திருக்கும். முன் ஸ்புரொக்கெட்டின் (செயின் மாட்டி ஓடும் பற்சில்லின்) நடு, பின் சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் சுவிங் ஆர்மின் போல்ட், பின் சில்லின் அச்சான அக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் இரண்டு ஸ்புரொக்கெட்டுக்கும் இடையில் தூரம் ஆகக் கூடுதலாக இருக்கும். ஆள் ஏறாத வண்டியில் பின் சில்லு அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டு நிற்கும். பாரம் ஏறி, பள்ளத்தில் விழுந்து, சில்லு மேலே வரும்போது செயினுக்கு நீளம் தேவைப்படும். அந்த நீளத்தைத் தளர்வில் இருந்துதான் எடுக்கும். பின்னால் மனிசியும் பிள்ளையும், முன்னால் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறுகிய செயினோடு ஓடினால் அந்த இழுவை முழுவதும் கியர்பெட்டியின் முன் ஷாஃப்ற் பேரிங்கில்தான் போய் விழும். செயின் காசைப் போல பல மடங்கு அங்கே போகும். கொஞ்சம் தளர்ந்த செயின் தடதடக்கும், அவ்வளவுதான். ஆனால் அதிகம் தொங்கினால் பல்லை விட்டுக் கழன்றுவிடும், அதையும் விடக்கூடாது.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். பெற்றோல் வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம், ரப்பர் வளையம் வைத்த செயினாக இருந்தால் அந்த ரப்பரையும் கெடுத்துவிடும். பழைய பல் பிறஷ்சை மண்ணெண்ணெயில் தோய்த்து, செயினின் நாலு பக்கமும் தேய்த்து, பழந்துணியால் துடையுங்கள். சில்லைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஸ்ராட் பண்ணி, கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். துணி ஸ்புரொக்கெட்டுக்குள் இழுபட்டால் விரலும் கூடவே போகும். இந்த விசயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது, அப்படிச் செய்கிறவனிடம் இருந்து திறப்பைப் பறித்துவிடுவேன்.

எண்ணெய் என்றால் 90 என்ற தடிப்பு எண் போட்ட கியர் ஒயில். ஸ்பிறே வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், எனக்கு ஒயில் காணும். கழிவொயில் மட்டும் ஊற்றாதேங்கோ. சும்மா கிடைக்கிறது என்பதற்காக என்ஜினில் தேய்ந்த இரும்புத் துகளையும் கரியையும் செயினுக்குள் விடுவதா? கிறீஸை வெளியே அப்புவதும் வீண். அது உருளைக்குள் இறங்காது, வெளியே நின்று தூசியைத்தான் சேர்க்கும். ஒயிலைக் கீழ்ச் செயினின் மேற்பக்கத்தில், அதாவது உட்பக்கத்தில், துளித் துளியாக விடுங்கள். ஓடும்போது சுழற்சியே அதை வெளிப்பக்கம் தள்ளி, உருளைகளுக்குள் அனுப்பும். பின்னேரம் ஓடி வந்த சூட்டோடு விட்டு, இரவு ஊறவிட்டு, காலையில் வெளியே நிற்பதைத் துடைத்துவிட்டால் வெள்ளைச் சேட்டில் புள்ளி விழாது. ஏறக்குறைய 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். மாரியில் கணக்கே பார்க்க வேண்டாம், நனைந்து வந்தால் துடைத்து ஒயில் விடுங்கள். தீவுப் பக்கம் ஓடுகிறவர்கள் கோடையிலும் அப்படித்தான்.

இவ்வளவு பார்த்தும் ஒரு நாள் செயின் முடியும். ‘செயின் இழுபட்டுப் போச்சு’ என்போம், ஆனால் உண்மையில் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் ‘பின்’ என்ற ஊசியும் அதைச் சுற்றியிருக்கும் ‘புஷ்’ என்ற குழாயும். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய, நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டில் அது சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. அளப்பது லேசு. 100 முதல் 150 சிசி வரை இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 428 என்ற அளவுச் செயின், ஐம்பது எழுபது சிசி ஹொண்டா சாலி போன்றவற்றில் 420. இரண்டிலும் ஒரு பின்னில் இருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அகலம் வேறு. ஆகவே செயினை இழுத்துப் பிடித்து 20 மூட்டை, அதாவது 21 பின்னை, நடுவுக்கு நடு அளந்தால் புதிதில் சரியாக 10 அங்குலம், 254 மில்லிமீற்றர். 259 ஐத் தொட்டுவிட்டால் மாற்றுங்கள். அடிக்கோல் இல்லாவிட்டால் பின் ஸ்புரொக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கூராகி நின்றால் சொல்லவே தேவையில்லை.

மாற்றும்போது செயினும் இரண்டு ஸ்புரொக்கெட்டும் செற்றாகத்தான். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால், பல் தன் தேய்வைச் செயினுக்கும் பழக்கிவிடும். கடைக்குப் போகுமுன் பழைய ஸ்புரொக்கெட்டுகளின் பல்லையும் செயின் மூட்டையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழையதையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

வேலை இடது பக்கம். கியர் லீவரையும் முன் கவரையும் கழற்றுங்கள். செயினின் இரண்டு நுனியையும் இணைக்கும் லொக்கின் கிளிப்பைக் குறடால் தள்ளிக் கழற்றுமுன் முன் ஸ்புரொக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். செயின் கழன்ற பிறகு திருகினால் ஸ்புரொக்கெட் சேர்ந்து சுழலும். செயின் இருக்கும்போது பின் பிறேக்கை மிதித்துக்கொண்டால் அசையாது. பின் ஸ்புரொக்கெட்டுக்குச் சில்லைக் கழற்ற வேண்டும். அப்போது சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களையும் கையோடு பாருங்கள். அவை நசிந்து தளர்ந்திருந்தால் கியர் மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓர் அடி விழும், பழி செயினுக்குப் போகும்.

புதுச் செயினின் இரண்டு நுனியும் பின் ஸ்புரொக்கெட்டின் பற்களில் வருமாறு வைத்தால் பல்லே பிடித்துக்கொடுக்கும், லொக்கை நிதானமாகச் செருகலாம். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேற்செயினில் வைத்துப் பார்த்தால் மூடிய பக்கம் முன் சில்லைப் பார்க்கும், பிளந்த பக்கம் பின்னால். மாறிப் போட்டால் எதிலாவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்று விழும். இதை ஒன்றுக்கு இரண்டு தரம் பாருங்கள்.

பிறகு பின் சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தும் அட்ஜஸ்டர் இரண்டையும் ஒரே அளவு திருகி, சுவிங் ஆர்மில் இருக்கும் கோடுகள் இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் கோட்டை முழுக்க நம்ப முடியாது. பின்னால் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் செயினை நேரே பார்த்தால் கோணல் தெரியும். அக்சில் நட்டை இறுக்கியதும் தளர்வை மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போது ஒரு நூல் மாறும். நட்டு கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்தி நிமிர்த்திப் போட்டால் ஒடியும்.

பலர் மறப்பது பிறேக். சில்லு நகர்ந்தால் பிறேக் கம்பியின் அளவும் மாறும். பின்னுக்குப் போயிருந்தால் பிறேக் பிடித்தபடியே நிற்கும், முன்னுக்கு வந்திருந்தால் பெடல் அடிவரை போகும். பெடலை மிதித்து, சில்லைச் சுற்றி, பிறேக் லைற் எரிகிறதா என்று பார்த்த பிறகே ஒழுங்கையை விட்டு இறங்குங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீற்றரில் கொஞ்சம் தளரும். அப்போது ஒருமுறை அளந்து, தேவையென்றால் மட்டும் திருகுங்கள்.