சுமத்ரா பக்கம் நிலநடுக்கமா? எண்ணைக் கடைசியில் பாருங்கள்

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். அதனால் 'சுமத்ரா அருகே 7.2' என்று நிலநடுக்க அளவோடு செய்தி வந்தாலே, சுனாமி வருமா என்று கேட்டுச் சொந்தக்காரர்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் வரைபடம். அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் மேற்கே கடலடியில் நீளமாக ஓர் அகழி ஓடுகிறது. கடலுக்கு அடியில் உள்ள புவித் தட்டு (பூமியின் மேலோட்டுத் துண்டு) அங்கேதான் கிழக்கே இருக்கும் தட்டுக்குக் கீழே நுழைகிறது. அகழிக்கும் தீவுகளுக்கும் இடையே நிலநடுக்க மையத்தைக் காட்டும் புள்ளி விழுந்து, ஆழமும் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் உஷாராகுங்கள். சரியாக 10 கி.மீ. என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். தரவு போதாதபோது ஆய்வு மையங்கள் அந்த எண்ணைத் தாங்களாகவே வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

அப்புறம், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் கழித்து 'பீச் பால்' என்கிற வட்டப் படம் வரும். எனக்கு இதுதான் முக்கியம். நடுவில் நிறம் நிரம்பியிருந்தால் ஒரு பாறை இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. கடல் தரை உயர்ந்து தண்ணீரையும் தூக்கும். 2004 அந்த வகை. நடுவில் வெள்ளை என்றால் தரை இறங்கியிருக்கிறது. அதுவும் அலை கிளப்பும், 1977இல் இந்தோனேசியாவின் சும்பா தீவருகே நடந்தது போல. பெருக்கல் குறி மாதிரி நான்காகப் பிரிந்திருந்தால் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று அகழிக்கு மேற்கே வந்த 8.6 அப்படித்தான். சென்னையில் ஜனங்கள் அலுவலகங்களை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பெரிய அலை வரவில்லை.

எண் கடைசியில்தான். 2004இல் முதலில் 8.0 என்றார்கள், ஒரு மணி நேரத்தில் 8.5, பிறகு 9.1. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு கிழிந்ததை முதல் சில நிமிடப் பதிவுகள் காட்டவில்லை. எனவே சின்ன எண்ணைப் பார்த்து யாருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள். 'இங்கே லேசாகத்தானே ஆடியது' என்பதும் செல்லாது. அன்று சென்னையிலும் லேசாகத்தான் ஆடியது.

சுமத்ராவில் இருந்து நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். போர்ட் பிளேரில் இருப்பவர்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. கடற்கரையில் நிற்கிறீர்களா? முதலில் ஊருக்குள் நடங்கள், போனை அப்புறம் எடுக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் கிளம்பச் சொன்னால் பந்துப் படத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். முதல் அலை வடிந்ததும் படகைப் பார்க்க ஓடாதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாக அவர்களே அறிவிக்கட்டும்.