புது மீன் தொட்டியில் தண்ணீர் வெளுத்துக் கலங்கினால்

தொட்டி வைத்த சில நாளிலேயே தண்ணீரில் வெள்ளையாகப் பனிமூட்டம் போலப் படர்ந்தால் பதறி மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பாக்டீரியா திடீரெனப் பெருகுவதால் வருவது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் நிலைபெறவே சில வாரங்கள் ஆகும். முழுசாகக் கழுவினால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

முதலில் தீனியைக் குறையுங்கள். போட்டதை மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்க வேண்டும், மிச்சம் அடியில் கிடந்து அழுகக் கூடாது. அம்மோனியா சோதனைக் கிட் இருந்தால் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ கால் பங்குத் தண்ணீரை மாற்றி, காற்று பம்பை ஓடவிடுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

அப்புறம், ஃபில்டர் ஸ்பாஞ்ச். இதைக் குழாயடியில் கழுவுவதுதான் பலர் செய்யும் தவறு, குளோரின் பட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

பச்சையாகக் கலங்கினால் அது பாசி. வெயில் படாத இடம் பாருங்கள், விளக்கு எரியும் நேரத்தை ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள். சரளைக்கல் போட்ட அன்றே கலங்கியிருந்தால் வெறும் தூசிதான், ஓரிரு நாளில் தானாகப் படிந்துவிடும்.