‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள்

ஆஸ்பத்திரி அனுபவம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? ‘திருப்தியா?’ என்று கேட்டால், மாத்திரைப் பையோடு நிற்கும் பாட்டி ‘நல்லாத்தான் பாத்தாங்க கண்ணு’ என்பார். அடுத்த மாதமும் அங்கேதானே வரவேண்டும்! நடந்ததைக் கேளுங்கள்: ‘எத்தனை மணிக்கு வந்தீங்க, டாக்டரை எப்போ பாத்தீங்க? எந்த மாத்திரையை எப்போ போடணும்னு சொன்னாங்களா?’ உண்மை தானாக வரும்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். கூட 2013-இல் ‘நண்பர், உறவினருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்றுதான் கேட்கத் தொடங்கியது. 2020-இல் ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ என்று மாற்றிக்கொண்டது.

அப்புறம், ஊசி போட்ட நர்ஸையே கேட்க அனுப்பாதீர்கள். வாசலுக்கு வெளியே வேறொருவர் கேட்கட்டும். எழுதத் தெரியாதவர் என்றால், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிப் படித்துக் காட்டுங்கள்.